தூண்டில் தண்ணீரில் கிடக்கும்வரை

படிப்பதற்கு ஓர் இடம் வேண்டியிருந்ததால்தான் நான் தூண்டிலைக் கையில் எடுத்தேன்.

கண்டிக்குப் பக்கத்தில், ஹந்தானை மலைத் தேயிலைத் தோட்டத்து வரிசை வீடான எங்கள் லயத்தில், காம்பரா என்கிற ஒற்றை அறைக்குள் நாங்கள் ஐந்து பேர். பக்கத்துக் காம்பராவின் தொலைக்காட்சி எங்கள் சுவருக்குள்ளிருந்து பேசுவது போலக் கேட்கும். வெளியே இஸ்தோப்புத் திண்ணையில் புத்தகத்தோடு உட்கார்ந்தால் போகிறவர், வருகிறவர் எல்லாரும் ஒரு வேலை சொல்வார்கள். பத்தாம் வகுப்புப் படிக்கும்போது, லயத்துக்குக் கீழே ஆறு ஒரு பெரிய பாறையைச் சுற்றி வளைகிற இடத்தில் இருந்த மடுவுக்கு இறங்கிப்போக ஆரம்பித்தேன். பெண்கள் மேலே பீலியில் விழுகிற தண்ணீரில் குளித்துவிட்டு அப்படியே ஏறிப் போய்விடுவார்கள். மடு வரைக்கும் யாரும் வரமாட்டார்கள்.

ஆனால் ஆற்றங்கரையில் ஒரு குமரிப்பெண் தனியாகப் புத்தகம் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் மூன்றாம் நாள் கதை கட்டிவிடுவார்கள். அதே பெண் தூண்டிலோடு உட்கார்ந்து, இருட்டுவதற்குள் ஒரு குழம்புக்கு மீன் கொண்டுவந்தால் சிரிப்பார்கள். கதை கட்டமாட்டார்கள். சிரிப்பை என்னால் தாங்க முடியும். ஒரு மூங்கில் கழியை வெட்டிக் காயவைத்துவிட்டு, முள்ளும் தங்கூசி நரம்பும் வாங்கக் கெலிஓயா கடைவீதிக்குப் போனேன்.

இரும்புச் சாமான் கடை நானா கண்ணாடியை மேலே தள்ளிவிட்டுப் பார்த்தார்.

"யாருக்கு புள்ள தூண்டி முள்ளு? வாப்பாக்கா?"

"எனக்குத்தான் நானா."

"ஒங்களுக்கா? எனத்துக்கு?"

"மீன் புடிக்க."

"மொத மீன கொண்டாந்து காட்டுங்க. அடுத்த முள்ளு சும்மா தாறேன்."

முதல் மீன் என் சுண்டுவிரல் அளவு. விடாமல் கொண்டுபோய்க் காட்டினேன். "இது மீனில்ல புள்ள, மீன்ட பேரப்புள்ள" என்று கடையே அதிரச் சிரித்தார். ஆனாலும் சொன்னபடி முள்ளைக் கொடுத்தார்.

எங்கள் குடும்பத்தில் ஐந்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். அப்பா எழுதப் படிக்கத் தெரியாதவர். அம்மாவுக்குத் தன் பெயரை மட்டும் எழுத வரும். அதனால் எதை எப்படிப் படிப்பது என்று வீட்டில் யாரிடமும் கேட்க முடியாது. ஆற்றையும் அப்படித்தான் தனியாகப் படித்தேன், நிறையத் தப்பு விட்டு.

ஆனி, ஆடியில் மலை நனைந்த சாக்குப் போலக் கிடக்கும். தூறலும் காற்றும் ஓயாது. காலில் சவர்க்காரம் தேய்த்துக்கொண்டுதான் இறங்கவேண்டும், இல்லாவிட்டால் அட்டை. தண்ணீர் கலங்கிப் போகும்போது மீன் கல்லுக்கு அடியில் ஒதுங்கிவிடும். மண்புழுவைக் கல்லோரம் போட்டால் எடுக்கும், நடு ஆற்றில் போட்டால் நாள் முழுக்கக் காத்திருக்கலாம். ஐப்பசியில் பின்னேர இடியோடு ஆறு பெருகும். மறுநாள் விடியும்போது தெளிந்து வருகிற தண்ணீரில்தான் லெஹெல்லா மீன் மேலே ஏறி வரும். தங்க நிறச் செதில், தடித்த உதடு. கரையோரக் கொய்யா மரத்திலிருந்து பழுத்தது விழுந்தால் அந்தச் சத்தத்துக்கே திரும்பும். மார்கழி, தையில் தண்ணீர் கண்ணாடி. நாம் மீனைப் பார்ப்பதற்கு முன்பே மீன் நம் நிழலைப் பார்த்துவிடும். பாறைக்குப் பின்னால் படுத்துக்கொண்டு ரொட்டி மாவை உருட்டிப் போடுவேன். படுத்தபடியே படிக்கவும் வசதி. மாசி, பங்குனியில் ஆறு மெலிந்து மடு மடுவாகப் பிரிந்துவிடும். மீனுக்குப் போக வழி இருக்காது. பங்குனிக் கடைசியில் மத்தியானத்துக்கு மேல் இடி மழை தொடங்கினால்தான் அதுகளுக்கு விடுதலை.

பிற்பாடு, ஆசிரியப் பயிற்சிக்குப் போன கல்வியியற் கல்லூரி நூலகத்தில் நுவரெலியாவின் குளிர்ந்த ஆறுகளில் இருக்கும் டிரவுட் மீனைப் பற்றிப் படித்தேன். வெள்ளைக்காரர் தாங்கள் தூண்டில் போட்டு விளையாடுவதற்காக அதன் முட்டைகளைக் கப்பலில் ஐஸ் வைத்துக் கொண்டுவந்தார்களாம். அதே வெள்ளைக்காரர்தான் எங்கள் முன்னோரையும் தமிழ்நாட்டிலிருந்து தோட்ட வேலைக்குக் கொண்டுவந்தார்கள். மீன் முட்டைக்கு ஐஸ் வைத்தவர்கள், எங்களைக் காட்டு வழியாக நடக்கவிட்டார்கள். இன்று அந்த மீனை நுவரெலியா மீன் என்று பெருமையாகச் சொல்கிறவர்கள், என்னைப் பார்த்து "உங்களுக்கு எந்த ஊர், இந்தியாவா?" என்று கேட்டிருக்கிறார்கள். கண்டி என்று சொல்வேன். இரண்டாம் தரம் கேட்டாலும் கண்டி என்றுதான் சொல்வேன்.

அதை விடுங்கள். மடுவுக்கு வருகிறேன்.

நான் தூண்டில் போட ஆரம்பித்த பிறகு வந்த முதல் பங்குனி. ஒரு ஞாயிற்றுக்கிழமை பாறையில் உட்கார்ந்து விஞ்ஞானம் படித்துக்கொண்டிருந்தேன். லயத்து ஆண்கள் ஏழெட்டுப் பேர் வாளிகளோடு இறங்கி வந்தார்கள். முன்னால் அப்பா. வாளிக்குள் இடித்த தேயிலைக் கொட்டை. கைவிட்ட மலைகளில் தேயிலை மரமாக வளர்ந்து காய்க்கும். அந்தக் கொட்டையை உலர்த்தி, இடித்து, சாம்பலோடு கலந்து தண்ணீரில் கரைத்தால் சவர்க்காரம் போல நுரைக்கும். அது மடுவில் பரவினால் மீன் மூச்சு முட்டி மேலே வரும். மனிதருக்கு ஒன்றும் செய்யாது. எங்கள் தோட்டத்தில் கோயில் கொடி இறக்கிய மறுநாள் லயத்தார் எல்லாரும் சேர்ந்து மீன்கறிச் சோறு தின்பது வழக்கம். பத்து நாள் சைவத்துக்குப் பிறகு வருகிற சோறு. மடுவில் மீன் ஏறிய வருடம் அந்த மீனை இப்படித்தான் பிடிப்பார்கள், ஏறாத வருடம் கருவாடுதான். கொட்டையை எவ்வளவு இடிப்பது, எவ்வளவு கரைப்பது என்பதில் அப்பாவை மிஞ்ச ஆளில்லை.

"தூண்டிய எடு புள்ள" என்றார் அப்பா. எடுத்தேன்.

பெரிய மீன்களைச் சாக்கில் அள்ளிக்கொண்டு போனார்கள். அவர்கள் போன பிறகு பார்த்தேன். விரல் நீளத்துக் குஞ்சுகள் வெள்ளை வயிற்றைக் காட்டிக்கொண்டு கரை முழுக்க ஒதுங்கிக் கிடந்தன. அதுகளை யாரும் தின்னப்போவதில்லை.

அன்று இரவுச் சாப்பாட்டில் அப்பா சிரித்துக்கொண்டே சொன்னார். "நீ பாட்டுக்கு எடுத்துட்ட. நீ எடுக்காம இருந்திருந்தா நாங்க என்னா செஞ்சிருப்போம்?"

"ஏன்?"

"தூண்டி கெடக்குற தண்ணியில கொட்ட போடக் கூடாது. தூண்டிக்காரன் அவனா எடுக்குற வரைக்கும் மடு அவனுக்குத்தான். இது தெரியாதா ஒனக்கு?"

மேல் லயத்துக்கும் கீழ் லயத்துக்கும் ஒரு காலத்தில் இந்த மடுவுக்காக மண்டை உடைந்திருக்கிறது. அதற்குப் பிறகு பெரியவர்கள் உட்கார்ந்து பேசி வைத்த சட்டம் அது. அந்த அடிதடியில் அப்பாவின் புருவத்திலும் ஒரு வெட்டு. சட்டத்தை அவர் வேடிக்கையாகத்தான் சொன்னார். எனக்கு அது வேடிக்கையாக இல்லை. பாடப் புத்தகத்தில் இருந்ததை எல்லாம் மனப்பாடம் செய்தவளுக்கு, தான் உட்கார்ந்த பாறையின் சட்டம் தெரியாமல் போய்விட்டது.

அதற்குப் பிறகு அந்த மடுவில் தவளைகூட இல்லை. மீனில்லாத மடுவில் தூண்டில் போட்டுக்கொண்டுதான் நான் உயர்தரப் பரீட்சைக்குப் படித்தேன். குழம்புக்குக் கணக்குக் காட்ட ஞாயிற்றுக்கிழமைகளில் கெலிஓயாவுக்கு இறங்கி மகாவலியில் திலாப்பியா பிடிப்பேன். லயத்தில் சிரித்தார்கள். பரீட்சையில் சித்தியடைந்தபோது அவர்களே வந்து பழமும் பிஸ்கட்டும் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

மீன் திரும்ப வர வருடங்கள் எடுத்தன. ஓர் ஐப்பசியில் நிழல் போல ஒன்று. அடுத்த ஐப்பசியில் நாலைந்து. நான் ஆசிரியையாகி, கண்டிக்கு பஸ்ஸில் போய்வர ஆரம்பித்த காலத்தில், பாறைக்குக் கீழே முழங்கையைவிட நீளமான ஒரு லெஹெல்லா குடியிருந்தது. மூன்று வருடமாக அதைப் பிடிக்கப் பார்த்தேன். கொய்யாவை முகர்ந்து பார்த்துவிட்டுப் போகும். அவ்வளவு திமிர்.

அந்த வருடம் பங்குனியில் கோயில் கூட்டம் போட்டபோது, தோட்டத்துத் தலைவர் எழுந்து சொன்னார். திருவிழாவை முன்னின்று நடத்துகிறவர் அவர்தான்.

"இந்தத் தடவ கருவாட்டுக் கொழம்பு இல்ல. மடுவுல மீன் ஏறிக் கெடக்கு."

எல்லாரும் கை தட்டினார்கள். நான் பெண்கள் பக்கத்திலிருந்து எழுந்தேன். "கொட்ட போட்டா குஞ்சும் சேர்ந்து சாகும். போன தடவ போட்டதுக்கு எத்தன வருசம் கருவாடு தின்னோம்?"

"இன்னும் எத்தன வருசம் நாங்க இருப்போம்னே தெரியல." தலைவர் கூட்டத்தைப் பார்த்துக் கையை விரித்தார். " டீச்சர் மீனுக்கு ஆயுசு கேக்குறாங்க!"

கூட்டம் சிரித்தது. அப்பாவும் சிரித்தார். கொடி சனிக்கிழமை இறங்கும், ஞாயிறு காலையில் மடு என்று முடிவானது.

ஞாயிறு வெளுக்கும்போதே நான் பாறையில் இருந்தேன். கொய்யாவும் மாவும் தண்ணீரில் கரைந்துவிடும், திரும்பக் கோக்க முள்ளை வெளியே எடுக்கவேண்டி வரும். அதனால் கரையாத தேங்காய்ச் சில்லைக் குத்திப் போட்டேன். நான்கு நாளாக மத்தியானம் ஹந்தானை உச்சியில் மேகம் கூடிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கறுப்பாக. இன்றைக்கு மழை விழும் என்று எனக்குத் தெரியும். மழை விழுந்தால் மடு மடுவாக இருக்காது, ஆறாகிவிடும். இடித்த கொட்டையை அன்றைக்கே போட்டாகவேண்டும், வைத்திருந்தால் வீரியம் போய்விடும். மூன்று மணி வரைக்கும் என் தூண்டில் தண்ணீரில் கிடக்கவேண்டும். அவ்வளவுதான் என் திட்டம்.

எட்டு மணிக்கு வந்தார்கள். தலைவர், அப்பா, ஓட்டோ ஓட்டுகிற என் அத்தான், இன்னும் ஐந்தாறு பேர். வாளிகளை இறக்கினார்கள்.

"டீச்சர், எந்திரிங்க" என்றார் தலைவர்.

"தூண்டி கெடக்கு."

"தெரியுது. எடுங்க."

"நானா எடுக்குற வரைக்கும் மடு எனக்குத்தான். சட்டம்."

அத்தான் தொடையில் தட்டிச் சிரித்தார். "அது ஆம்பளைங்க போட்ட சட்டம். பொம்பள தூண்டிக்கெல்லாம் செல்லாது."

"ஆம்பள தூண்டின்னு அதுல இருக்கா? யாராவது சொல்லுங்க, எடுத்துட்றேன்."

தலைவர் அப்பாவைப் பார்த்தார். "நீங்க சொல்லுங்க மாமா. ஒங்க மகதானே."

அப்பாவின் முகம் கறுத்துப்போயிருந்தது. விடிய முன்னரே எழுந்து கொட்டையை இடித்தவர் அவர். வெற்றிலையைத் துப்பிவிட்டு, புருவத்து வெட்டைத் தடவினார். அந்தச் சட்டத்துக்காக இரத்தம் சிந்தியவர் அதை இல்லையென்று எப்படிச் சொல்வார்?

"தூண்டி தூண்டிதான்" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "ஆனா ஒரு தடவ முள்ளு மேல வந்துச்சு, அடுத்த நிமிசம் ஊத்துவோம். பாத்துக்க."

கரையில் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துகொண்டார்கள். பீடி பற்றவைத்தார்கள்.

"டீச்சர், ஒண்ணுக்கு வந்தா என்னா செய்வீங்க?"

"லீவு லெட்டர் எழுதிக் குடுத்துட்டுப் போவாங்க."

"மாப்பிள்ள பாக்க வந்தாலும் இப்பிடித்தான் ஒக்காந்திருப்பாங்களோ?"

"வாறவரும் ஒரு தூண்டி கொண்டாந்தா பேசலாம்" என்றேன். அவர்கள் பக்கத்திலேயே இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள்.

பதினொரு மணிக்கு அம்மா சோற்றுக் கோப்பையோடு இறங்கி வந்தார். வரும்போதே திட்டு. "ஊரே சிரிக்குது. ஒன்னய படிக்க வச்சது இதுக்கா?"

"இங்கதானம்மா படிச்சேன்."

அம்மா கோப்பையை என் பக்கத்தில் நங்கென்று வைத்தார். நான் இடது கையில் கழியைப் பிடித்துக்கொண்டு, வலது கையால் சாப்பிட்டு முடிக்கும்வரை அங்கேயே நின்றார். கோப்பையைத் தண்ணீரில் அலசும்போது மெதுவாகச் சொன்னார். "மீன் கூடைக்கு அடியில புஸ்தகம் இருந்தது எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா?" சொல்லிவிட்டு அந்த ஆண்களைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஏறிப் போனார்.

மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. மழை வரவில்லை. ஒரு மணிக்கு மேல் இருக்கும். கழி கையில் ஒரு தரம் துடித்தது.

முதலில் கல்லில் மாட்டியிருக்கிறது என்றுதான் நினைத்தேன். கல் நகர்ந்தது. மூங்கில் வில்லாக வளைந்து முனை தண்ணீருக்குள் போனது. பாறைக்குக் கீழே தங்க நிறத்தில் ஒரு புரட்டல். மூன்று வருடம் என் கொய்யாவை மதிக்காத அதே மீன், ஒரு தேங்காய்ச் சில்லுக்கு வாய் திறந்திருக்கிறது. அதுவும் அந்த நாளில்!

கரையில் எல்லாரும் எழுந்துவிட்டார்கள். "இழு! இழு!" அத்தான் தன்னை மறந்து கத்தினார். "அம்மாடி, என்னா மீனு! டீச்சர், இழுங்க!"

தலைவர் மட்டும் கத்தவில்லை. குனிந்து வாளியின் கைப்பிடியைப் பிடித்தார்.

மூன்று வருட ஆசை கையில் இழுக்கிறது. இழுத்துப் போட்டால் முள் வெளியே வரும். முள் வெளியே வந்தால் மடு முடிந்தது. இழுக்காவிட்டால் கழி முறியும், தங்கூசி அறும். அதற்கும் அவர்களிடம் ஒரு சட்டம் இருக்கும்.

நான் பாறையிலிருந்து மடுவுக்குள் இறங்கினேன். தண்ணீர் இடுப்புக்கு, பிறகு நெஞ்சுக்கு. பாவாடை குடையாக விரிந்து மேலே வந்தது, அமுக்கிவிட்டேன். கழியை விட்டுவிட்டுத் தங்கூசியைக் கையில் சுற்றிப் பிடித்தேன். அது விரலை அறுத்தது. இழுத்தால் விட்டேன், விட்டால் இழுத்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. கடைசியில் அது என் வயிற்றில் வந்து முட்டி நின்றது. கனமும் குளிருமாக ஓர் உயிர். தண்ணீருக்கு மேலே தூக்காமலே வாயைத் தடவி முள்ளைக் கழற்றினேன். ஒரு கணம் இரண்டு கைக்குள்ளும் அது இருந்தது. பிறகு வாலால் என் கையில் ஓர் அடி அடித்துவிட்டுப் போய்விட்டது.

"ஐயோ, விட்டுட்டாங்க!" அத்தான் தலையில் கை வைத்தார். "மூணு கிலோ இருக்கும்டா, விட்டுட்டாங்கடா!"

தலைவர் வாளியோடு நின்றார். "முள்ளு மேல வந்துச்சா மாமா?"

அப்பா தண்ணீருக்குள் என் கையைப் பார்த்தார். முள்ளை நான் அப்படியே அமிழ்த்திப் பிடித்திருந்தேன். விரலிலிருந்து இரத்தம் தண்ணீரில் நூலாகப் போய்க்கொண்டிருந்தது.

"வரல" என்றார்.

"டீச்சர், மேல வாங்க. குளிரும்" என்றார் தலைவர்.

"எனக்குக் குளிரல" என்றேன். பல் அடித்துக்கொண்டிருந்தது.

அரை மணி நேரம் அப்படியே நின்றேன். முதல் துளி என் தலையில் விழவில்லை, வாளியில் விழுந்த சத்தம்தான் கேட்டது. பிறகு மலையே இடிந்தது போல மழை. வாளிகளில் நுரை பொங்கி வழிந்தது. மேலிருந்து செந்தண்ணீர் உருண்டு வரும் சத்தம் கேட்டதும் நான் பாறையைப் பிடித்து ஏறினேன். கழியை ஆறு கொண்டுபோய்விட்டது. அவர்கள் வாளிகளைக் கரையிலேயே கொட்டிவிட்டு, தலைக்குக் கவிழ்த்துக்கொண்டு லயத்துக்கு ஓடினார்கள். அப்பா ஓடவில்லை. நனைந்துகொண்டே எனக்கு முன்னால் நடந்தார். திரும்பிப் பார்க்கவில்லை.

அன்று இரவு லயத்தில் கருவாட்டுக் குழம்புதான். பரிமாறும்போது தலைவர் எல்லாருக்கும் கேட்கச் சொன்னார். "டீச்சருக்கு நல்லா ஊத்துங்க. அவங்க புண்ணியத்துலதான் கருவாடு." நான் இரண்டாம் தரமும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

அப்பா பத்து நாள் என்னோடு பேசவில்லை. பதினோராம் நாள் காலை, நான் பஸ்ஸுக்குப் புறப்படும்போது, தேத்தண்ணிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"அடுத்த வருசம் கொடிய ஞாயித்துக்கெழமையில எறக்கப் போறாங்களாம். மடு திங்கக்கெழம."

திங்கட்கிழமை எனக்குப் பள்ளிக்கூடம். அது அவருக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும். அதற்காகத்தான் அந்த நாள்.

"லீவு எடுப்பேன்" என்றேன்.

"செவ்வாக்கெழம வச்சா?"

"அன்னைக்கும் எடுப்பேன்."

அப்பா தேத்தண்ணியைக் குடித்தார். சிரித்தாரா என்று தெரியவில்லை, கோப்பை மறைத்திருந்தது.

இப்போது தை பிறந்துவிட்டது. தண்ணீர் கண்ணாடியாக இருக்கிறது. புதுக் கழியோடு பாறைக்குப் பின்னால் படுத்துக்கொண்டு பிள்ளைகளின் கொப்பிகளைத் திருத்துகிறேன். விரல் நீளத்துக் குஞ்சுகள் என் நிழலுக்குப் பயந்து ஓடுகின்றன. போன வாரம் எனக்கு நல்ல காய்ச்சல். அதிபர் அம்மா, "வீட்டுக்குப் போய்ப் படுங்க டீச்சர், லீவு எழுதிக் கொடுங்க" என்றார். இரண்டு பனடோல் விழுங்கிவிட்டு ஐந்து நாளும் வகுப்புக்குப் போனேன். இந்த வருடத்து லீவில் ஒரு நாளைக்கூட இன்னும் தொடவில்லை. எல்லாவற்றையும் பங்குனிக்கு வைத்திருக்கிறேன்.